மணி அடித்தால் சாந்தினி உன்னைத்தான் தேடுகிறாள்

என் உயிருக்கு உயிரான காசிம் மச்சானுக்கு,

நீ மவுத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹாவும் முடிந்தது. உன் நூர், என் தங்கச்சி, இத்தா முடியும்வரை வாசல் தாண்டாமல் வீட்டோடு இருக்கிறாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். குதிரைதான் மச்சான் பிரச்சினை. உன் ஜட்கா தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போகவே இல்லை. நான் கடிவாளத்தோடு கிட்டே போனால் சாந்தினி சுவரோரம் ஒதுங்கிவிடுகிறாள்.

ஏன் என்று உனக்குத் தெரியாதா? அறுபத்தாறில், கிண்டி ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரையை வாங்கி வண்டியில் பூட்டிய புத்திசாலி நான்தானே. ரயில் வருகிறதென்று ஸ்டேஷனில் மணி அடித்தார்கள். அவளுக்கு அது பந்தய மணி. டீச்சரம்மாவையும் காய்கறிப் பையையும் ஏற்றிக்கொண்டு பறந்து, ரோட்டோரப் பள்ளத்தில் வண்டியைச் சாய்த்தாள். நல்லவேளை, டீச்சரம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வெட்கத்தில் சாட்டைக் கட்டையால் அவள் காதோரம் ஓங்கி அடித்தேன்.

நீ ஓடி வந்து என் கையைப் பிடித்தாய். “இன்னா மச்சான் நீ. மணி அடிச்சா ஓடுன்னு கத்துக்குடுத்ததும் மனுசன், ஓடிச்சின்னு அடிக்கிறதும் மனுசனா?”

அன்றைக்கு வண்டி உன் கைக்கு வந்தது, நான் வெங்காய மண்டிக்குப் போனேன். தினமும் மத்தியானம் அவளைச் சும்மா நடத்திக்கொண்டு போய், மணிச்சத்தம் லேசாகக் கேட்கும் தூரத்தில் சர்ச் மதிலோரம் நிற்பாய். மணி கேட்டதும் உள்ளங்கையில் ஊறவைத்த கொள்ளு நீட்டுவாய். நடுங்காமல் தின்றால்தான் மறுநாள் பத்தடி முன்னால். “இன்னா பாய், குதிரைக்கு இஸ்கூல் வெச்சிக்கிறியா?” என்று ஜட்கா ஸ்டாண்டே சிரித்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றாள். மணி அடித்தால் உன் பக்கம் திரும்புவாள்.

இப்போதும் திரும்புகிறாள் மச்சான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் மணி நம் கொல்லைக்குக் கேட்கிறதே. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

“வித்துடலாம்ணே. உன்னைக் கண்டாலே பயப்படுது. தரகரு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வராராம்” என்றாள் நூர். தரகர் கைக்குப் போன வயசான குதிரை என்ன ஆகும் என்று நாம் பார்த்திருக்கிறோம். நான் மண்டியில் லீவு சொல்லிவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்தேன்.

பத்து நாள் மச்சான். நெற்றி வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினாலும் பின்வாங்குகிறாள். அதனால் துடைப்பதில்லை. மணி கேட்டால் கொள்ளு நீட்டுவேன். வராவிட்டால் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன். என்றோ அடித்த ஓர் அடிக்கு ஒரு குதிரையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? உன்னிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

இன்று வியாழன். மணி கேட்டது. வழக்கம்போல வாசல் பக்கம் திரும்பி உன்னைத் தேடினாள். வெகுநேரம் தேடினாள். பிறகு மெதுவாக வந்து என் கையிலிருந்து தின்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயந்துவிடப் போகிறாளே என்று அசையாமல் அழுதேன்.

ஜன்னலிலிருந்து பார்த்த நூர், “தரகரை வரவேணாம்னு சொல்லிடுண்ணே” என்றாள்.

நாளைக்குக் கடிவாளம் கொண்டுபோகிறேன். அவளாகத் தலை குனிந்தால் வண்டி கட்டுவேன். குனியாவிட்டால் மறுநாள் போவேன், அதற்கும் மறுநாள் போவேன். இந்தக் கை இனி அவள் மேல் ஓங்காது, அல்லா மேல் ஆணை.

உன் நூரின் அண்ணன்,
உன் மச்சான்
தாவூத்