பதினான்காம் லாரி நின்ற விதம்

லுபுத்தோவின் அப்பாவுக்கு,

கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் எழுதி, உங்கள் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மூன்று நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் வைத்த ன்ஷிமாக் களி இரண்டு முறை அடிப்பிடித்துவிட்டது.

செவ்வாய் மத்தியானம், சுரங்கத்திலிருந்து பதினான்காம் லாரி செம்புக் கல்லோடு ஆளில்லாமல் ஏறி வந்தது. பத்து வருடம் நீங்கள் ஓட்டிய வண்டி. அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றீர்கள். கட்டுப்பாட்டு அறையில், நான் வண்டிகளைக் கண்காணிக்கும் திரையில் சட்டையைப் பார்த்ததுமே நீங்கள் என்று தெரிந்துவிட்டது.

நீங்கள் ஓடிய பிறகு என்ஜினியர் சியாமே வந்தார்.

“வண்டி ஏம்மா நின்னுச்சு?”

“ஆடு குறுக்க வந்துச்சு சார்.”

“பாத்தியா! ஆட்டப் பாத்தே தானா நிக்குது!” என்று சிரித்தார்.

நீங்கள் பேசியதை நேற்று உங்கள் அண்ணன் சொன்னார். “மனுசனக் கண்டா நாய்க்குட்டி மாதிரி நிக்குதுடா! வெள்ளிக்கிழமை எல்லாரும் வாங்க, வரிசையா நின்னு மறிப்போம்” என்றீர்களாம். வேலை போன நாற்பது டிரைவர்களும் தலையாட்டினார்களாம்.

அது தானாக நிற்கவில்லை. உங்களைப் பார்க்கவே இல்லை. நான்தான் அறையிலிருந்து நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அந்த நேரம் தண்ணீர் குடிக்க எழுந்திருந்தால்?

இன்று காலை சியாமேயிடம் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். மறித்து நின்றது யார் என்று கேட்டார். அதையும் சொன்னேன். போலீஸ் வரும். என் வேலை நிலைக்குமா தெரியாது. வெள்ளிக்குள் வண்டிகளை நிறுத்துவார்களா, அதுவும் தெரியாது.

போகாதீர்கள். உயிரோடு இருந்து என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் உங்கள் மனைவிதான்