இரண்டுக்கும் சொன்ன ஆமென்

நேற்று உன் மகள் வந்திருந்தாள். உன் அடக்கம் முடிந்து அலமாரியை ஒதுக்கும்போது கிடைத்ததாம், கைக்குட்டையில் பொதிந்த ஒரு சிறிய கத்தரிக்கோல். "அம்மா இத உங்க கையில குடுக்கணும்ணு முன்னமே சொல்லியிருந்தா மாமி" என்றாள். முகர்ந்து பார்த்தேன். இரும்பு வாசனைதான். எனக்கோ விலங்கியல் ஆய்வுக்கூடத்து ஃபார்மலின் மூக்கில் ஏறி, கண் கலங்கிவிட்டது.

நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய அறுவைப் பெட்டியில் இருந்தது அது. பாறசாலையில் ஒரே பஸ் ஏறித் திருவனந்தபுரத்தில் இன்டர்மீடியட் படித்தோம். தவளையை நீ அறுப்பாய், நரம்பை நான் பிடிப்பேன். இருவரும் டாக்டராவது என்று முடிவு செய்துவிட்டோம். எந்த ஊரில் என்பதுதான் தெரியவில்லை.

எல்லைப் போராட்டம் மும்முரமாக இருந்த காலம். ஒருநாள் ஊர்வலம் என்று பஸ் ஓடவில்லை. சந்திப்பில் நின்றபோது நீ சொன்னாய்: "மக்கா, நான் நாகர்கோவில் காலேஜுக்கு மாறப் போறேன். பாறசாலை தமிழ்நாட்டோட சேருமாக்கும். அப்பம் நமக்கு மதராஸ்ல தான் சீட்டு. நீயும் வாறியா?"

"சேரல்லேண்ணா?"

"நீ எப்பவும் இப்படித்தான். தவளை சாகல்லேண்ணான்னு கேட்டவ தானே நீ."

எனக்குக் கோபம் வந்தது. மெடிக்கல் காலேஜ் பக்கத்திலேயே இருக்கிறது, அதை விட்டு எங்கே போவது என்று சண்டை போட்டேன். உன்னை விட்டுத் தனியாக பஸ் ஏற வேண்டுமே என்பதுதான் உள்ளே இருந்த பயம்.

அந்த வார ஜெபக்கூட்டம் நினைவிருக்கிறதா? உன் அப்பா எழுந்து, எல்லை மாறி மகளுக்கு மதராசில் இடம் கிடைக்க ஜெபித்தார். அடுத்து என் அப்பா எழுந்து, ஒன்றும் மாறாமல் மகளுக்குத் திருவனந்தபுரத்திலேயே இடம் கிடைக்க ஜெபித்தார். நம் சபைக்காரர்கள் நல்லவர்கள். இரண்டுக்கும் ஒரே குரலில் ஆமென் சொன்னார்கள். வாயைப் பொத்திக்கொண்டு நீ குலுங்கியது பெஞ்சு முழுக்கத் தெரிந்தது.

நீ போகுமுன் பெட்டியைப் பிரித்தோம். கத்தரிக்கோல் உனக்கு, நரம்பு பிடிக்கும் சாமணமும் ஊசிகளும் பெட்டியும் எனக்கு. மெடிக்கல் காலேஜில் திரும்பச் சேர்த்து வைப்பதாகப் பேச்சு.

எல்லை வந்தது. நாகர்கோவில் தமிழ்நாட்டோடு அந்தப் பக்கம் போயிற்று. பாறசாலை கேரளத்தில் இந்தப் பக்கமே நின்றது. உன் வீடு இங்கே என்று அங்கே கழித்தார்கள், படிப்பு அங்கே என்று இங்கே தயங்கினார்கள். உனக்கு இரண்டு இடத்திலும் சீட்டு இல்லை. எனக்குத் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. சொல்ல வந்த நான் உன் வீட்டு முற்றத்தில் நின்று அழுதேன். நீதான் என் முகத்தைத் துடைத்தாய்.

"எட்டீ, எதுக்குக் கரையுதே? அண்ணைக்கு உனக்க அப்பா ஜெபத்துக்கும் நான் ஆமென் சொன்னேன். மனசறிஞ்சு சொன்னதாக்கும். ரெண்டுல ஒண்ணு பலிச்சுதே."

பிறகு நீ பனச்சமூட்டுப் பள்ளியில் விலங்கியல் டீச்சரானாய். "மருந்தெழுத நீ, தவளை அறுக்க நான்" என்று கடைசிவரை கேலி செய்தாய். உனக்கு வருத்தம் இல்லை என்று நானும் நம்பியிருந்தேன். இந்தக் கத்தரிக்கோலில் ஒரு பொட்டுத் துரு இல்லை. இத்தனை வருடமும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாய்.

பெட்டியைத் திறந்து சாமணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நேற்றிலிருந்து மேசைமேல் திறந்தே கிடக்கிறது. மூட மனம் வரவில்லை, பிள்ளே.