ஆறுதல் பற்றிப் பத்து நிமிடம்

நவ. 11, திங்கள்

தூறல். நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று ஒரு முடிவை நிறைவேற்றினேன்: கம்பெனிப் பேருந்தில் மூன்றாம் வரிசையிலிருந்து ஐந்தாம் வரிசைக்கு மாறுவது. மூன்றில் ஜன்னல் ஒழுகுகிறது. பதினொரு ஆண்டு இருந்த இடம். மண்ணூர் நிறுத்தத்தில் ஏறி, யாரையும் பார்க்காமல் நடந்து போய் உட்கார்ந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். வேறு எதிர்ப்பு இல்லை.

முன் இருக்கையில் தேவகி, புஷ்பம். கார் சீட் பொருத்தும் லைனில் அடுத்தடுத்து நிற்பவர்கள். தேவகி மண்ணூர்க்காரர், இரண்டு பிள்ளைகளின் தாய். புஷ்பம் தூத்துக்குடிப் பக்கம், ஹாஸ்டல். போன வாரம் அவள் அப்பா இறந்துபோனார். சனிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. இனி வீட்டில் சம்பாதிப்பது அவள் மட்டும்.

"மூணாம் நாள் ஜெபம் முடிஞ்சதும் பஸ் ஏறிட்டேன்க்கா. இன்னும் லீவு போட்டா ரினியூவல் கிடைக்காதுன்னு சொல்லுதாங்க."

"அத்த வுடு. இன்னா துன்ன காலைல?"

"பசிக்கல."

"ரெண்டு இட்லி கீது. துன்னு. அழுவறதுக்கும் தெம்பு வோணும்."

தின்றாள். ஒரகடம் வருவதற்குள் டப்பா காலி.

மாலை போதகர் போன். ஞாயிறு ஆராதனையில் 'ஆறுதல்' பற்றிப் பத்து நிமிடம் நான் பேச வேண்டுமாம். "வேர்ச்சொல்லெல்லாம் நீங்க சொன்னாத்தான் ஐயா சபைக்குப் புரியும்." இதுவரை எதுவும் புரிந்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

நவ. 12, செவ்.

வெயில். குடை வீண். உரைக்குக் குறிப்பு:

– ஆறுதல்: சூடு தணிதல். காபி, புண், பசி, கோபம் எல்லாம் ஆறும். எதுவும் உடனே ஆறாது.

– தேற்றுதல்: தெளிய வைத்தல். தேற்றாங்கொட்டையைத் தண்ணீர்ப் பானைக்குள் தேய்த்தால் கலங்கல் அடியில் தங்கும். கலங்கல் எங்கும் போய்விடுவதில்லை.

– எபிரெயம்: ஆழ மூச்சு விடுதல் என்கிறார்கள்.

– கிரேக்கம்: பக்கத்தில் வந்து நிற்க அழைக்கப்பட்டவர்.

– லத்தீன்: கூட இருந்து பலப்படுத்துதல். லத்தீன்காரர்கள் இதற்கு ஒரு சொல் செய்தார்கள். தேவகி இட்லி செய்தார்.

– எங்கள் கம்பெனி: கம்ஃபர்ட் என்பது நுரை மெத்தையின் தடிமன், மில்லிமீட்டரில். படிவம் நான் தட்டச்சு செய்தது. இங்குள்ள படிவம், அறிக்கை, மெமோ எல்லாம் நான் தட்டச்சு செய்பவையே.

பல்லி விழுந்து சாம்பார் வீண்.

நவ. 13, புதன்

கேன்டீனில் புஷ்பத்துக்கு ஆறுதல் சொல்லப்பட்டது. கேட்ட வரிசையில்:

எச்.ஆர். அம்மையார்: "ஸ்ட்ராங்கா இரும்மா." (நடந்துகொண்டே.)

பெயின்ட் பிரிவுக்காரர்: "எங்க மாமாவுக்கும் இதே ஹார்ட் அட்டாக்தான். ஆனா அவரு சின்ன வயசு." (இதில் போட்டி உண்டு.)

சூப்பர்வைசர் எட்வின்: "வேலைல மனச போடு, எல்லாம் மறந்துடும். ஆனா இந்த வாரம் உன்னால லைன் நின்னுச்சுன்னா, ரினியூவல் என் கைல இல்ல."

வேதத்தில், எல்லாம் இழந்த ஒருவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து வாய் திறக்கவில்லை. இதைவிடச் சிறந்த ஆறுதலை நான் படித்ததில்லை. பிறகு பேச ஆரம்பித்தார்கள். அது பல அதிகாரங்கள் போகிறது.

தேவகி அதே மேசையில். தன் அப்பளத்தைப் புஷ்பத்தின் தட்டுக்கு மாற்றினார்.

நவ. 14, வியா.

மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிறார்கள்.

படிவம் கொடுக்க லைனுக்குப் போனேன். ஒரு சீட்டுக்குத் தேவகி நான்கு போல்ட், புஷ்பம் நான்கு. முறுக்கியதும் போல்ட் தலையில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். தேவகிக்கு மஞ்சள், புஷ்பத்துக்கு வெள்ளை. யார் முறுக்கியது என்று பிறகு தெரிய.

புஷ்பம் இரண்டு போல்ட் முறுக்கி நின்றுவிடுகிறாள். தேவகி தன் நான்கை முடித்து, ஒரு எட்டு நகர்ந்து, மீதி இரண்டையும் முறுக்கி, சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பேனா எடுத்துக் கோடு இழுத்தார். அடுத்த சீட். மறுபடி அப்படியே. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. லைன் ஒருமுறைகூட நிற்கவில்லை.

படிவத்தைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். கிரேக்கக் குறிப்பு முழுவதும் அங்கே நின்றுகொண்டு போல்ட் முறுக்கியது. இப்படி ஒரு மனுஷியை நான் பதினொரு ஆண்டாக மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

நவ. 15, வெள்ளி

பரிசோதனையில் ஒரு சீட் மாட்டியது. தேவகியின் போல்ட் ஒன்றில் வெள்ளைக் கோடு. முறுக்கம் சரி, நிறம் தவறு. அவசரத்தில் பேனா மாறியிருக்கிறது. எட்வின் அறையில் இருவரிடமும் விசாரணை. குறிப்பெடுக்க நான்.

"உன் போல்ட்ல அவ கலர் எப்படி வந்துச்சு? அவ வேலையையும் நீதான் செய்றியா?"

"என் பேனா காஞ்சி பூட்ச்சு சார். அவ பேனாவ கேக்காம எட்துகினேன். அவளுக்குத் தெரியாது."

புஷ்பம் வாய் திறந்தாள். தேவகி அவள் பக்கம் திரும்பாமலே, "நீ போய் லைன்ல நில்லு. சீட்டு வந்துகினு கீது," என்றார். போனாள்.

எட்வின் என்னிடம்: "நேத்து நீங்க லைன் பக்கம் வந்தீங்களே சார், எதாவது பார்த்தீங்களா?"

"படிவம் விஷயமாக வந்தேன்" என்றேன். அது உண்மை.

மெமோ தட்டச்சு. 'அடுத்தவர் அடையாளப் பேனாவை அனுமதியின்றிப் பயன்படுத்தியது.' தேவகி படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

"இம்மாம் பெர்சா எழுதிகிறீங்களே சார். பேனா மாறிச்சுன்னு ஒரு வரி போட்டா ஆவாதா?"

எழுத்தாளர்கள் பலரிடம் சொல்லத்தக்கது. மஞ்சள் பேனா அவர் பையில் இருந்தது. மை ஈரமாகவே இருந்தது. பை ஓரத்தில் மஞ்சள் கறை.

நவ. 17, ஞாயிறு

ஆராதனை. தேவகி செய்ததைப் பெயர் சொல்லாமல் சொல்வதாக இரவே தீர்மானம். மேடை ஏறிப் பார்த்தால் இரண்டாம் வரிசையில் எட்வின், குடும்பத்துடன். எபிரெயம், கிரேக்கம், லத்தீன், தேற்றாங்கொட்டை. பத்து நிமிடம். போதகர் மிகவும் ஆறுதலாக இருந்தது என்றார்.

நவ. 18, திங்கள்

மேகமூட்டம். இரண்டு கடிதம் தட்டச்சு செய்தேன். புஷ்பத்துக்கு ஆறு மாத நீட்டிப்பு. தேவகிக்கு, அந்த மெமோவைக் காட்டி, பேக்கிங் பிரிவுக்கு மாற்றம், இன்று முதல்.