லிஃப்டில் ஒட்டிய துள்ளல்

என் தங்கச்சி, என் கண்ணு பானு,

இன்று கோபத்தோடுதான் பேசப்போகிறேன். உன் மேல் இல்லை.

தாம்பரத்தில் நம் குடியிருப்பின் லிஃப்டுக்குள் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வீட்டு வேலைக்கு வருபவர்களும் டெலிவரி ஆட்களும் லிஃப்டில் ஏறக் கூடாதாம். அதை எந்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள் தெரியுமா? நீ வரைந்த 'துள்ளல்' எழுத்துருவில்.

தடித்து, முனையே இல்லாமல் உருண்டு, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஓடிவரும் குழந்தை போல இருக்க வேண்டும் என்று 'ழ'வின் சுழியை எத்தனை தடவை அழித்து வரைந்தாய்! நீ கண்மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு பல்லாவரத்து ஜூஸ் கடைப் பலகையில் அதைப் பார்த்துவிட்டு ஆட்டோவை நிறுத்தச் சொன்னாயே. "லாத்தா, இது கூப்பிடுற எழுத்து. பெருசா, நாலே வார்த்தை. பொறந்தநாளுக்குப் போடலாம், ஐஸ்கிரீமுக்குப் போடலாம். அதட்டுறதுக்கு மட்டும் ஆகாது" என்றாய்.

குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போய்க் கேட்டேன். சாதாரண எழுத்தில் போட்டால் வேலைக்கு வருபவர்களின் மனசு புண்படுமாம். "அதான் மேடம், க்யூட்டா ஒரு ஃபான்ட் தேடிப் போட்டோம்" என்றார். பெருமையாகச் சொன்னார், பானு.

நம் வீட்டில் வேலை செய்யும் செல்வி அக்காவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது. நான்கு மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார். லிஃப்டில் ஒட்டியிருப்பதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தேம்மா. எழுத்து நல்லா சிரிச்சிகினு கீது. ஏதோ விசேஷம்னு நெனச்சி கிட்ட போனேன். படிச்சா, நம்மளத்தான் ஏறாதன்னு போட்டுகீது."

சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார். நான் கீழே போய் அதைக் கிழித்தேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், அது என் தங்கை வரைந்த எழுத்து, யாரையும் விரட்ட அவள் அதை வரையவில்லை என்றேன். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் நிதானமாக, "ஃபான்ட்தானே பிரச்சினை? மாத்திடலாம்" என்றார்.

மாற்றினார்கள். மறுநாள் அதே வாசகம், விறைப்பாக நிற்கும் கறுப்பு எழுத்தில். அதையும் கிழித்தேன்.

இப்போது காலையில் செல்வி அக்கா வரும் நேரத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறேன். இருவரும் லிஃப்டில் சேர்ந்துதான் மேலே வருகிறோம். மூன்றாம் மாடி டீச்சரும் தன் வீட்டுச் சமையல்கார அம்மாவை அப்படியே அழைத்துப் போகிறார். நேற்று நாங்கள் உள்ளே நிற்கும்போது செயலாளர் வந்தார். "ஏறுங்க சார், இடம் இருக்கு" என்றேன். அவர் படியில் போனார்.

இந்தக் கோபத்தை ஆறவிட மாட்டேன், பானு. மறுபடி ஒட்டினால் மறுபடி கிழிப்பேன், எந்த எழுத்தில் ஒட்டினாலும்.

உன் லாத்தா,
ஜமீலா