பிறவியா, காய்ச்சலா?

வியாழன் இரவு

படுத்தும் தூக்கம் வரவில்லை. மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் அம்மா இன்று சுங்கை ரம்பாயிலிருந்து என் கடைக்குப் போன் செய்து, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

போன மாதம் என் மகள் கவிதாவுக்கு வைரஸ் காய்ச்சல், விடாத இருமல். அது தணியும் நேரத்தில் மண்டை பிளக்கும் தலைவலியில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடப்பதும், லேசாக ரத்தம் கசிந்திருப்பதும் ஸ்கேனில் தெரிந்தன. டாக்டர் ஒளிக்காமல் பேசினார். பிறவியிலேயே இருந்திருக்கலாம், காய்ச்சல் அதைக் கிளறிவிட்டிருக்கலாம், உறுதியாகச் சொல்ல இன்னும் யாராலும் முடியாது என்றார்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது!

"பிறவிக் கோளாறுண்ணே. தெரிஞ்சே மறைச்சிட்டீங்க லா."

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் டைல்ஸ் விற்கிறவன். பெட்டிக்குள் டைல்ஸில் கீறல் இருந்தால் ஃபேக்டரிக்காரன் லாரிக்காரனைக் கைகாட்டுவான், லாரிக்காரன் ஃபேக்டரியைக் கைகாட்டுவான். தெரியாது என்று சொல்ல ஒருத்தனுக்கும் மனசு வராது. நானும் அப்படித்தான் கத்தினேன்.

"எல்லாம் அந்தக் காய்ச்சலால வந்ததும்மா! அதுக்கு முன்ன என் பொண்ணுக்கு ஒண்ணுமே இல்ல!"

பக்கத்தில் இருந்த கவிதா போனைப் பிடுங்கித் துண்டித்தாள்.

"காய்ச்சலோ பிறவியோ, தலை என்னோடதுப்பா. அந்தம்மாகிட்ட எதுக்கு என்னைய விக்கப் பாக்குறீங்க?"

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. தலைவலி எப்படி இருக்கிறது என்று அந்தப் பையன் இன்றுவரை அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவாவது அவன் அம்மா போன் செய்தாள்.