மரம் நடக்கும் காட்சி

அன்புள்ள அம்மணிக்கு,

1. 4-8-1996: குழந்தைகளுக்காக நான் எழுதிய நாடகத்தை இயக்கும் நீ, சிறுமி லோகப்பிரியாவை அரசியாக்கினாய். அவளுடைய ஊனக் காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் அன்றும் உனக்குத் தெரிந்தே இருந்தது.

2. 18-8-1996: மற்றக் குழந்தைகளின் பெற்றோர் இருவர் அதைப் பார்த்து முகம் சுளித்ததும் அவளை மரமாக்கினாய். "அசையாம நின்னாப் போதுங் கண்ணு, அதுவும் வேசந்தான்" என்றாய்.

3. அதே நாள்: இதை என்னிடம் மறைத்தாய். அவளே வந்து சொன்னாள்.

அவள் அழவில்லை. "ஏனுங்க சார், மரம் எப்பங்க நடக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

'எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த மேடை' என்று துண்டறிக்கையில் எழுதியவள் நீ. அந்த வரியை எழுதிய கையைத்தான் இன்றும் நேசிக்கிறேன்.

நேரில் பேசினால் சிரித்துக்கொண்டே காபியை நீட்டுவாய். இருபத்தாறு ஆண்டுகளாக நான் தோற்பது அங்கேதான். ஆகவே அடுத்த அறையிலிருந்து எழுதுகிறேன்.

அரசி வேடத்தை இப்போது பிடுங்கி இன்னொரு குழந்தையை அழவைக்க வேண்டாம். இறுதிக் காட்சியைத் திருத்தி இணைத்துள்ளேன். அதில் மரம் மேடையின் குறுக்கே நடந்து வந்து அரியணையில் அமர்கிறது. காலிப்பர் சத்தம் நிற்கும்வரை ஒருவரும் பேசக் கூடாது.

சம்மதமா என்பதை வரும் வெள்ளிக்கிழமை, 23-8-1996 மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் தர வேண்டும். பதில் எனக்கன்று, அவளுக்கு.

அதுவரை காபி வேண்டாமென்றிருக்கும்
உன் கணவன்