வங்கிக்குப் போகும் முன்

வெள்ளவத்தை வீட்டுக் கடனுக்குச் சில மாதங்களாகத் தவணை கட்டவில்லை. கடையை மூடியதிலிருந்து வங்கியின் அழைப்புகளை ரூபன் எடுப்பதுமில்லை. "ஏலத்தில விட்டாலும் விடட்டும், நான் போய்க் கெஞ்சமாட்டன்" என்று நேற்று அவன் கத்தியபோது மனைவி வதனி பதில் பேசவில்லை. காலையில் அவன் தூங்கிக்கொண்டிருக்க, ஒரு சீட்டு எழுதி பிரிட்ஜில் ஒட்டினாள்.

"இடியப்பம் மூடி வச்சிருக்கிறன். சொதியைச் சூடாக்குங்கோ. நான் கொள்ளுப்பிட்டிக்கு, பாங்குக்குப் போறன். ஏல நோட்டீஸ் வரமுந்திக் கதைச்சா தவணையைக் குறைச்சு, வருஷத்தைக் கூட்டித் தருவினமாம். முன்னறையை வாடகைக்கு விட்டா கட்டலாம். பத்தரைக்கு மனேஜர் வரச்சொன்னவர். வீடு ரெண்டு பேரின்ர பேரில, ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும்."

மனம் ஆறவில்லை. அடியில் நெருக்கி எழுதினாள்:

"வெளிக்கிட்டா கதவைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டு ஷிம்னாவிட்டக் குடுங்கோ. நேற்று நான் கதைக்காம இருந்தது கோவத்தில இல்லை, பயத்தில."

வங்கியில் கூப்பிட்டபோது தனியாகத்தான் உள்ளே போனாள். எல்லாவற்றையும் கேட்ட மனேஜர், "தவணையைக் குறைக்கலாம். ஆனா ஒழுங்காக் கட்டுவீங்களோ?" என்றார்.

அவள் வாய் திறக்குமுன் கதவு திறந்தது. வியர்த்துப்போய் நின்றான் ரூபன்.

"கட்டுவம் சேர்" என்றான். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் அவளிடம் சொன்னான்:

"முன்னறை சின்னன். கடல் தெரியிற எங்கட அறையைக் குடுப்பம், வாடகை கூடுதலா வரும். நாங்கள் முன்னறையில படுப்பம்."